இடிபாட்டுக்குள் ஒரு தொட்டில்!

தேதி: 1985, செப்டம்பர் 19. வியாழக்கிழமை. காலை மணி 7.19.

மெக்சிகோ நாட்டின் தலைநகரமான மெக்சிகோ சிட்டி அப்போதுதான் சோம்பல் முறித்துக் கொண்டிருந்தது. சில வீடுகளில் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பிக் கொண்டிருந்தார்கள். சில வீடுகளில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. காலை நிகழ்ச்சியை நடத்திக்கொண்டிருந்த பெண்மணியின் தலைக்கு மேலே தொங்கிய விளக்குகள் மெல்ல ஆட ஆரம்பித்தன. அவர் பதறவில்லை. கொஞ்சமாகத்தான் ஆடுகிறது, பயப்பட வேண்டாம் என்று நேயர்களுக்குத் தைரியம் சொன்னார். சில விநாடிகள்தான்... திரை வெறுமையாகிவிட்டது.

ஆட்டம் ஒரு நிமிடத்துக்கும் மேல் நீடித்தது. ஒரு நிமிடம்தானே என்கிறீர்களா? கண்ணை மூடிக்கொண்டு அறுபதுவரை எண்ணிப் பாருங்கள். காலுக்குக் கீழே தரை, படகு மாதிரி ஆடிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டு எண்ணிப் பாருங்கள். எவ்வளவு நீளமான நிமிடம் என்பது புரியும்!

ஆட்டம் நின்றபோது நகரத்தில் நானூறுக்கும் மேற்பட்ட கட்டிடங்கள் மண்ணோடு மண்ணாகியிருந்தன. பல்லாயிரம் உயிர்கள் போயின. எத்தனை ஆயிரம் என்பதில் இன்றுவரை ஒருமித்த கணக்கு இல்லை. ஐந்தாயிரம் என்பாரும் உண்டு. பத்தாயிரம் என்பாரும் உண்டு. அதைவிட மிக அதிகம் என்று சாதிப்பவர்களும் உண்டு.

இந்தக் கட்டுரை அந்த எண்ணிக்கையைப் பற்றியது அல்ல. உயிரோடு வெளியே வந்தவர்களைப் பற்றியது. வெளியே வந்த பிறகும் செத்துப்போகிறவர்களைப் பற்றியது. ஆம், அப்படியும் நடக்கிறது. ஏன் என்று தெரிந்துகொண்டால் நாளைக்கு நாமே ஓர் உயிரைக் காப்பாற்ற முடியும்.

எங்கேயோ இடி, எங்கேயோ மழை!

ஆச்சரியம் என்னவென்றால், நிலநடுக்கம் பிறந்த இடம் மெக்சிகோ சிட்டியே அல்ல. சுமார் 350 கிலோ மீட்டருக்கும் அப்பால், பசிபிக் கடலோரத்தில், மிச்சோவகான் மாநிலக் கரைக்கு அருகே பிறந்தது. ரயில் ஏறினால் ஒரு ராத்திரி போகும் தூரம்! அங்கே கடலுக்கு அடியில் 'கோகோஸ் தட்டு' என்கிற பூமியின் மேலோட்டுப் பாறை, வட அமெரிக்கத் தட்டுக்குக் கீழே நுழைந்துகொண்டே இருக்கிறது. வருஷக்கணக்காகச் சேர்ந்த அழுத்தம் ஒரு நாள் பட்டென்று விடுபட்டது. அளவு சுமார் 8.1.

அத்தனை தூரத்துக்கு அப்பால் பிறந்த அதிர்ச்சி, தலைநகரத்தை வந்து ஏன் புரட்டியது?

காரணம், ஒரு பழைய ஏரி. அஸ்டெக் மன்னர்கள் காலத்தில் டெஸ்கோகோ என்ற பெரிய ஏரியின் நடுவே, தீவு ஒன்றில் அமைந்திருந்த நகரம் அவர்களுடைய தலைநகரமான டெனோச்டிட்லான். 1521-ல் ஸ்பானியர்கள் அதைப் பிடித்தார்கள். ஏரி கொஞ்சம் கொஞ்சமாக வற்றடிக்கப்பட்டது. அந்த ஏரிப் படுகையின் மேல்தான் இன்றைய நகரத்தின் நடுப்பகுதி உட்கார்ந்திருக்கிறது. அடியிலே இருப்பது தண்ணீரில் ஊறிய களிமண்.

ஒரு தாம்பாளத்தில் ஒரு கருங்கல்லையும், ஒரு கிண்ணம் கெட்டித் தயிரையும் வைத்து லேசாக அசைத்துப் பாருங்கள். கல் அசைந்து நின்றுவிடும். தயிர் தளதளவென்று ஆடிக்கொண்டே இருக்கும், இல்லையா? அதுதான் நடந்தது. பாறைமேல் இருந்த பேட்டைகள் ஓரளவு தப்பின. தயிர்மேல் இருந்த பேட்டைகள் சரிந்தன.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்தக் களிமண் ஏறக்குறைய இரண்டு விநாடிக்கு ஒருமுறை இப்படியும் அப்படியும் ஆடியது. ஊஞ்சலில் இருக்கும் குழந்தையைச் சரியான நேரம் பார்த்துத் தள்ளினால் ஊஞ்சல் உயரே உயரே போகிறது அல்லவா? கிட்டத்தட்ட ஆறு மாடி முதல் பதினைந்து மாடிவரை உள்ள கட்டிடங்களின் சொந்த ஆட்டத்துக்கு அந்தத் தாளம் ஒத்துப்போய்விட்டது. ஒவ்வொரு தள்ளலும் சேர்ந்து சேர்ந்து, கடைசியில் தூண்கள் முறிந்தன. குட்டையான பழைய மாதா கோயில்கள் பல நின்றன. 1956-ல் கட்டி முடித்த, 44 மாடி 'லத்தீனோ அமெரிக்கானா' கோபுரமும் நின்றது! நடுத்தர உயரம்தான் மாட்டிக்கொண்டது.

அந்த நடுத்தர உயரத்தில் யார் இருந்தார்கள் தெரியுமா? நடுத்தரக் குடும்பங்களின் அடுக்குமாடி வீடுகள் இருந்தன. ஓட்டல்கள், தையல் கம்பெனிகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆஸ்பத்திரிகள் இருந்தன.

காப்பாற்ற வேண்டிய இடமே விழுந்தால்...?

எந்த விபத்து நடந்தாலும் நாம் ஓடுவது ஆஸ்பத்திரிக்கு. அந்த ஆஸ்பத்திரியே விழுந்துவிட்டால் எங்கே ஓடுவது?

ஹுவாரெஸ் மருத்துவமனையின் பன்னிரண்டு மாடிக் கட்டிடம் அடுக்கு அடுக்காகச் சரிந்தது. பொது மருத்துவமனையில் பிரசவப் பிரிவு இருந்த கட்டிடமும், பயிற்சி டாக்டர்கள் தங்கியிருந்த கட்டிடமும் இடிந்தன. நோயாளிகள், நர்சுகள், டாக்டர்கள், அப்போதுதான் பிள்ளை பெற்றிருந்த தாய்மார்கள் என்று நூற்றுக்கணக்கானோர் அந்த இரண்டு இடங்களில் மட்டும் மாண்டார்கள். தேசிய மருத்துவ மையத்திலும் பலத்த சேதம். நோயாளிகளைக் கட்டிலோடு தெருவுக்குக் கொண்டுவர வேண்டியதாயிற்று. காயம்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் குவிந்த அதே வேளையில், ஆயிரக்கணக்கான படுக்கைகளை நகரம் இழந்து நின்றது.

இந்த இருட்டில்தான் அந்த வெளிச்சம்.

நாள் ஆக ஆக, தோண்டிக்கொண்டிருந்தவர்களின் நம்பிக்கை கரைந்துகொண்டே வந்தது. அப்போது இடிபாட்டின் ஆழத்திலிருந்து ஈனமாக ஒரு சத்தம். அழுகைச் சத்தம். குழந்தை அழுகிறது! கையால் கல்லை எடுத்து, வாளியில் மண்ணை அள்ளி, எலிவளை மாதிரிச் சந்து போட்டு உள்ளே போனார்கள். பிறந்து சில மணி நேரமோ, சில நாட்களோ ஆகியிருந்த சிசுக்கள். பால் இல்லை, தண்ணீர் இல்லை, அம்மாவின் கதகதப்பு இல்லை. ஆனாலும் உயிர் இருந்தது!

இரண்டு மருத்துவமனைகளிலிருந்தும் இப்படிப் பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் மீட்கப்பட்டார்கள். சிலரைச் சில நாட்கள் கழித்து எடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து வெளியே வந்த குழந்தைகளும் உண்டு. 'அதிசயக் குழந்தைகள்' என்று மெக்சிகோ முழுவதும் கொண்டாடினார்கள். பாவம், அவர்களில் பலருடைய தாயார்கள் அதே கட்டிடத்தில் இறந்துபோயிருந்தார்கள்.

சிசு எப்படித் தாங்கியது?

பெரியவர்களே தாக்குப்பிடிக்க முடியாத இடத்தில் பச்சைக் குழந்தை எப்படிப் பிழைத்தது? கடவுள் கருணை என்று சொல்லிக் கும்பிடுங்கள், தப்பில்லை. மருத்துவம் சொல்லும் விளக்கத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் விஷயம், தண்ணீர். பிறந்த குழந்தையின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர்தான். பெரியவர்களைவிட அதிகம். பிறந்த முதல் சில நாட்களில் தாய்க்குப் பால் கொஞ்சமாகத்தான் சுரக்கிறது. அந்த நாட்களை ஓட்டுவதற்காகவே இயற்கை கொஞ்சம் கையிருப்பு கொடுத்தனுப்புகிறது. அதனால்தான் பிறந்த குழந்தையின் எடை முதல் வாரம் சற்றுக் குறைந்து, பிறகு ஏறுகிறது. "குழந்தை இளைச்சுப் போச்சே" என்று பாட்டிமார்கள் கவலைப்படுவார்களே, அதுதான்.

இரண்டாவது, கொழுப்பு. சிசுவின் தோள்பட்டைகளுக்கு நடுவிலும், கழுத்திலும், சிறுநீரகத்தைச் சுற்றியும் பழுப்பு நிறக் கொழுப்பு இருக்கிறது. இதற்கு ஒரே வேலை, எரிந்து சூடு உண்டாக்குவது. நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளத் தெரியாத குழந்தைக்கு இதுதான் உள்ளே கட்டிவைத்த குமுட்டி அடுப்பு.

மூன்றாவது, சிக்கனம். உடம்பு குளிர்ந்தால் இதயம் மெதுவாகத் துடிக்கும். பிராண வாயுவின் தேவை குறையும். விளக்குத் திரியைத் தணித்து வைத்தால் எண்ணெய் ராத்திரி முழுக்க வருவது மாதிரி! சின்ன உடம்புக்குச் சின்ன சந்து போதும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரியவர் நசுங்கும் இடத்தில் சிசுவுக்கு ஒரு தொட்டில் அகலத்துக்கு இடம் கிடைத்துவிடுகிறது.

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. அதிசயம் என்பது எப்போதாவது நடப்பது. நிலநடுக்கத்தில் பிழைப்பவர்களில் பெரும்பாலோர் முதல் 24 மணி நேரத்துக்குள் எடுக்கப்பட்டவர்கள். அவர்களை எடுப்பது ராணுவமோ வெளிநாட்டுக் குழுவோ அல்ல, பக்கத்து வீட்டுக்காரர்கள்தான்.

பக்கத்து வீட்டுக்காரர்களின் படை

மெக்சிகோவிலும் அதுவே நடந்தது. அரசாங்கம் முதலில் திகைத்து நின்றது. வெளிநாட்டு உதவி தேவையில்லை என்றுகூட ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தது. ஜனங்கள் காத்திருக்கவில்லை. மாணவர்கள், மெக்கானிக்குகள், இல்லத்தரசிகள் என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள்.

ட்லாடெலோல்கோ என்ற பெரிய குடியிருப்பில் நுவோ லியோன் என்கிற நீளமான அடுக்குமாடிக் கட்டிடத்தின் மூன்று பகுதிகளில் இரண்டு சரிந்துவிட்டன. உலகப் புகழ் பெற்ற ஓபரா பாடகர் பிளாஸிடோ டொமிங்கோவின் உறவினர்கள் நான்கு பேர் அதில் சிக்கி இறந்தார்கள். அவரும் மற்றவர்களோடு நின்று கல் சுமந்தார். பிறகு பாதிக்கப்பட்டவர்களுக்காகக் கச்சேரிகள் நடத்தி நிதி திரட்டினார்.

அங்கே திரண்ட இளைஞர்களுக்கு ஒரு பெயர் வந்தது: 'டோப்போஸ்'. பூமிக்குள் வளை தோண்டி வாழும் ஒரு சிறு பிராணிக்கு ஸ்பானிய மொழியில் டோப்போ என்று பெயர். பயிற்சி கிடையாது, கவசம் கிடையாது. தைரியம் மட்டும்தான் மூலதனம். அவர்களில் மிகவும் குள்ளமாக, ஒல்லியாக இருந்த ஒருவருக்கு 'தெள்ளுப்பூச்சி' என்று பட்டப்பெயர். யாரும் நுழைய முடியாத ஓட்டையில் அவர் நுழைவாராம்! பின்னாளில் இந்த இளைஞர்கள் முறையாகப் பயிற்சி பெற்று, பல நாடுகளுக்கும் போய் மீட்பு வேலை செய்தார்கள்.

கசப்பான பக்கமும் உண்டு. சான் அன்டோனியோ அபாத் தெருவில் தையல் கம்பெனிகள் வரிசையாக இருந்தன. காலையிலேயே வேலைக்கு வந்துவிட்ட பெண்கள் நூற்றுக்கணக்கில் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். வெளியேறும் கதவுகள் சில பூட்டிக் கிடந்தன என்றும், சில முதலாளிகள் ஆட்களைவிட மெஷின்களை எடுப்பதிலேயே குறியாக இருந்தார்கள் என்றும் எழுந்த குமுறல் நாட்டையே உலுக்கியது. தப்பிய பெண்கள் சும்மா இருக்கவில்லை. 'செப்டம்பர் 19' என்ற பெயரிலேயே தங்களுக்கு ஒரு தொழிற்சங்கம் அமைத்துக்கொண்டார்கள்.

மீட்ட பிறகு வரும் எமன்

இனி நாம் எல்லோரும் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயத்துக்கு வருவோம்.

கான்கிரீட் தூணுக்கு அடியில் காலை மாட்டிக்கொண்டு ஒருவர் பத்து மணி நேரம் கிடக்கிறார். பேசுகிறார், தண்ணீர் கேட்கிறார், வேடிக்கைகூடப் பேசுகிறார். தூணைத் தூக்கி வெளியே இழுக்கிறார்கள். எல்லோரும் கை தட்டுகிறார்கள். "அப்பாடா, பிழைச்சுட்டார்!" சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ அவர் இதயம் நின்றுவிடுகிறது. அல்லது இரண்டு மூன்று நாளில் சிறுநீரே வராமல் ஆஸ்பத்திரியில் இறக்கிறார்.

என்ன ஆயிற்று?

இதற்குக் 'கிரஷ் சிண்ட்ரோம்' என்று பெயர். இரண்டாம் உலகப் போரில் லண்டன்மீது குண்டு விழுந்தபோது இடிபாடுகளிலிருந்து மீட்கப்பட்டவர்கள் இப்படி இறப்பதைக் கவனித்து, 1941-ல் விவரமாக எழுதியவர் டாக்டர் பைவாட்டர்ஸ்.

விஷயம் இதுதான். நமது தசைக்குள் பொட்டாசியம் என்ற உப்பு நிறைய இருக்கிறது. மயோகுளோபின் என்ற சிவப்புப் புரதமும் இருக்கிறது. பாரம் அழுத்திக்கொண்டே இருந்தால் ரத்தம் போகாமல் தசை சாகிறது. இந்தச் சரக்கெல்லாம் அங்கேயே தேங்கி நிற்கிறது. தூணை எடுத்த அடுத்த கணம், அணைக்கட்டின் மதகைத் திறந்தமாதிரி எல்லாம் ரத்தத்தில் கலக்கிறது! பொட்டாசியம் அளவுக்கு மீறி ஏறினால் இதயத்தின் துடிப்பு தாறுமாறாகி நின்றுவிடும். மயோகுளோபின் சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் போய் அடைத்துக்கொள்ளும். போதாததற்கு, உடம்பில் இருக்கும் தண்ணீரெல்லாம் நசுங்கிய தசைக்குள் ஓடி வீங்கிவிடும். ரத்த அழுத்தம் விழும்.

வைத்தியம் என்ன? ஆச்சரியப்படுவீர்கள், முதல் வைத்தியம் வெறும் உப்புத் தண்ணீர்தான்! அதாவது சலைன் டிரிப். அதையும் பாரத்தைத் தூக்குவதற்கு முன்பே ஏற்றத் தொடங்க வேண்டும். இடிபாட்டுக்குள் ஒரு கை மட்டும் எட்டினாலும் அந்தக் கையில் ஊசி போட்டு ஏற்றிவிடுகிறார்கள். சிறுநீர் தாராளமாக ஓடிக்கொண்டிருந்தால் சிறுநீரகம் தப்பும். தவறிவிட்டால் டயாலிசிஸ். நல்ல சேதி என்னவென்றால், இது பெரும்பாலும் நிரந்தரமான பழுது அல்ல. சில வாரங்கள் டயாலிசிஸ் செய்து தாங்கிப் பிடித்தால் சிறுநீரகம் மறுபடி வேலை செய்ய ஆரம்பித்துவிடும்.

1988-ல் ஆர்மீனியாவில் நடந்த நிலநடுக்கத்தில் இப்படிப்பட்ட நோயாளிகள் குவிந்து, டயாலிசிஸ் வசதி போதாமல் திண்டாடினார்கள். அந்த அனுபவத்துக்குப் பிறகு, உலக அளவில் சிறுநீரக மருத்துவர்கள் சேர்ந்து பேரழிவு உதவிக் குழு ஒன்றை அமைத்தார்கள். 1999-ல் துருக்கியின் மர்மரா பகுதியில் நிலநடுக்கம் வந்தபோது இந்த ஏற்பாடு கைகொடுத்தது. அங்கே நசுங்கிய காயத்தால் 639 பேருக்குச் சிறுநீரகம் பாதித்தது. 477 பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. பாதிக்கப்பட்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 85 பேர் பிழைத்தார்கள்!

நாம் கவனிக்க வேண்டியது என்ன? நிலநடுக்கம்தான் வர வேண்டும் என்பதில்லை. சுவர் இடிந்து விழுந்தாலும், லாரி கவிழ்ந்து கால் மாட்டிக்கொண்டாலும் இதே கதைதான். அப்போதுதான் விழுந்த பாரம் என்றால் உடனே அகற்றுங்கள். ரொம்ப நேரமாக மாட்டிக்கொண்டிருக்கிறார், நன்றாக மூச்சு விடுகிறார், வேறு ஆபத்து இல்லை என்றால், அவசரப்பட்டு இழுக்காமல் மருத்துவ உதவி வந்து டிரிப் ஏற்றிய பிறகு எடுப்பது நல்லது. நெருப்பு, தண்ணீர், மூச்சுத் திணறல் என்று ஆபத்து இருந்தால் காத்திருக்கக் கூடாது. வெளியே வந்தவர் "எனக்கு ஒண்ணுமில்லை" என்றாலும் விடாதீர்கள். ஆஸ்பத்திரியில் சேருங்கள். சிறுநீர் டிகாக்ஷன் நிறத்தில் போனாலோ, குறைவாகப் போனாலோ டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். அது சிறுநீரகம் அடிக்கும் மணி!

பிணங்களால் கொள்ளைநோய் வருமா?

பேரழிவு என்றாலே ஒரு பேச்சு கிளம்பும்: "பிணங்கள் அழுகிக் கிடக்கு, காலரா வரப்போகுது!" மெக்சிகோ சிட்டியிலும் அந்தப் பயம் இருந்தது. ஒரு பேஸ்பால் மைதானத்தையே பிணங்களை வைத்து அடையாளம் காட்டும் இடமாக்கினார்கள்.

உண்மை என்ன? காயத்தால் இறந்தவர்களின் உடலிலிருந்து கொள்ளைநோய் கிளம்புவதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் திரும்பத் திரும்பச் சொல்கிறது. அடையாளம் பார்க்காமல் அவசரமாகக் குழியில் தள்ளினால் உறவினர்களின் மனசு ஆயுளுக்கும் ஆறாது. அதுதான் மிச்சம்.

கொள்ளைநோய் வருவது தண்ணீரிலிருந்து. இதற்கு இன்னொரு தலைநகரம் சாட்சி. 2010 ஜனவரி 12-ந் தேதி ஹெய்ட்டி நாட்டின் தலைநகரமான போர்ட்-ஓ-பிரின்ஸ் நிலநடுக்கத்தில் தரைமட்டமானது. அத்தனை பிணங்கள் கிடந்தும் காலரா வரவில்லை. வந்தது ஒன்பது மாதம் கழித்து, அக்டோபரில். ஐ.நா. அமைதிப் படை முகாம் ஒன்றின் கழிவுநீர் ஆற்றில் கலந்ததால் வந்தது! ஒன்பதாயிரம் பேருக்கும் மேல் பலி. ஆகவே, பேரழிவுக்குப் பிறகு பயப்பட வேண்டியது பிணத்துக்கு அல்ல, குடிக்கிற டம்ளருக்கு. கொதிக்க வைத்த தண்ணீர், சோப்புப் போட்டுக் கழுவிய கை, இரண்டும் போதும்.

மனசு இன்னும் ஆடுகிறது!

மறுநாள் வெள்ளிக்கிழமை ராத்திரி 7.37-க்கு மெக்சிகோ சிட்டி மறுபடி ஆடியது. அதுவும் லேசுப்பட்டதல்ல, அளவு சுமார் 7.5. அதற்குப் பிறகு வீடு நன்றாக நின்றவர்கள்கூட உள்ளே போய்ப் படுக்கப் பயந்து தெருவிலேயே படுத்தார்கள்.

இப்படிப்பட்டவர்களுக்கு வாரக்கணக்கில் 'ஆடுகிறதோ, ஆடுகிறதோ' என்று தோன்றிக்கொண்டே இருக்கும். லாரி போனால் திடுக்கிடும். தூக்கம் வராது. குழந்தைகள் படுக்கையை நனைப்பார்கள். அம்மாவின் முந்தானையை விடமாட்டார்கள். இது பைத்தியம் அல்ல. பயந்த மனசின் இயல்பான நடுக்கம். "சும்மா இரு, அதைப் பத்திப் பேசாதே" என்று வாயை அடைக்காதீர்கள். குழந்தை பேச விரும்பினால் பேசட்டும். படம் வரைய விரும்பினால் வரையட்டும். சாப்பாடு, தூக்கம், விளையாட்டு நேரங்களைச் சீக்கிரம் பழையபடி கொண்டுவாருங்கள். இடிந்து விழும் காட்சிகளை டி.வி.யில் திரும்பத் திரும்பக் காட்டாதீர்கள். ஒரு மாதத்துக்கு மேலும் தூக்கமின்மையும் பயமும் தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பார்க்கத் தயங்க வேண்டாம்.

அறுபது விநாடிக்கு ஒரு மணி

அடிபட்ட நகரம் பாடம் படித்தது. கட்டிட விதிகளைக் கடுமையாக்கினார்கள். அதோடு ஒரு நல்ல யோசனையும் தோன்றியது. அதிர்ச்சி பிறப்பது கடலோரத்தில். நகரத்துக்கு வந்து சேர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். மின்சாரச் செய்தியோ கண் இமைப்பதற்குள் வந்துவிடும். அப்படியானால் கடலோரத்தில் கருவி வைத்து, அதிர்ச்சி வருவதற்குள் நகரத்தில் சங்கு ஊதினால் என்ன? 1991-ல் அந்த ஏற்பாடு தொடங்கியது. 1995 செப்டம்பர் 14-ல் வந்த ஒரு நிலநடுக்கத்தின்போது ஆட்டத்துக்கு 72 விநாடிகள் முன்னாலேயே எச்சரிக்கை கொடுத்தது!

ஆண்டுதோறும் செப்டம்பர் 19 அன்று நாடு முழுக்க ஒத்திகையும் நடக்கிறது. 2017-லும் அப்படியே நடந்தது. காலை 11 மணிக்கு ஒத்திகை. எல்லோரும் வெளியே வந்து, மறுபடி உள்ளே போய் வேலை பார்த்தார்கள். மதியம் 1.14-க்கு நிஜமாகவே ஆடியது! அதே தேதி! இந்த முறை அது பிறந்த இடம் அருகில் என்பதால் சங்கு ஊத அவகாசமே கிடைக்கவில்லை என்று சொல்லலாம். அளவு 7.1. நாடு முழுக்க 369 பேர் இறந்தார்கள். அவர்களில் 228 பேர் தலைநகரில்.

அன்றும் இடிபாடுகளைச் சுற்றி ஜனங்கள் கூடினார்கள். உள்ளேயிருந்து முனகல் கேட்கிறதா என்று கவனிக்க ஒருவர் முஷ்டியை உயர்த்துவார். உடனே நூற்றுக்கணக்கான முஷ்டிகள் உயரும். தெரு முழுக்க ஒரே நிசப்தம்... ஓர் உயிரின் குரலுக்காக!

2022-லும் அதே செப்டம்பர் 19-ல், ஒத்திகை முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் இன்னொரு பெரிய நிலநடுக்கம் வந்தது. தேதிக்கும் பூமிக்கும் சம்பந்தமில்லை; தற்செயல்தான் என்கிறார்கள் விஞ்ஞானிகள். ஆனால் பழக்கத்துக்கும் பிழைப்பதற்கும் சம்பந்தம் உண்டு.

நம் வீட்டில் செய்யக்கூடியவை

• ஆடும்போது ஓடாதீர்கள். உறுதியான மேஜைக்கு அடியில் குனிந்து, தலையையும் கழுத்தையும் மூடி, மேஜைக் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேஜை இல்லாவிட்டால் உள்சுவர் ஓரமாக, கண்ணாடி ஜன்னலை விட்டு விலகி உட்காருங்கள். லிஃப்ட் கூடவே கூடாது.

• படுக்கையில் இருந்தால் அங்கேயே குப்புறப் படுத்துத் தலையணையால் தலையை மூடுங்கள்.

• பீரோ, புத்தக அலமாரி இவற்றைச் சுவரோடு சேர்த்துத் திருகி விடுங்கள். கட்டிலுக்கு நேர் மேலே கனமான படமோ, சாமான் அடைத்த பரணோ வேண்டாம்.

• கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி செருப்பு, டார்ச், விசில் இருக்கட்டும். கத்திக் கத்தித் தொண்டை வறண்டுவிடும். விசில் வெகுதூரம் கேட்கும்.

• ஆட்டம் நின்றதும் கேஸ் சிலிண்டரை மூடுங்கள். கேஸ் வாடை வந்தால் ஸ்விட்சைத் தொடாதீர்கள், தீக்குச்சி கிழிக்காதீர்கள்.

• சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா, வலிப்பு மருந்துகள் ஒரு வாரத்துக்காவது கையிருப்பில் இருக்கட்டும். டாக்டர் சீட்டின் நகல் ஒன்றைப் பையில் வையுங்கள். பேரழிவில் நின்றுபோன மாத்திரையும் பலரைச் சாய்த்துவிடுகிறது.

• ஃபிளாட் வாங்குகிறீர்களா? சமையலறை டைல்ஸைப் பார்ப்பதற்கு முன் மண் பரிசோதனையும், நிலநடுக்கத்தைத் தாங்கும் வடிவமைப்பும் உண்டா என்று கேளுங்கள். கீழே கார் நிறுத்த வெறும் தூண்களில் நிற்கும் கட்டிடமானால், அந்தத் தூண்களைப் பற்றி ஓர் இன்ஜினீயரிடம் விசாரியுங்கள்.

• மாடிப்படியில் சைக்கிள், பழைய சாமான் அடைக்காதீர்கள். மொட்டை மாடிக் கதவுச் சாவி எங்கே என்று எல்லோருக்கும் தெரியட்டும். அந்தத் தையல்காரப் பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டுதோறும் செப்டம்பர் 19 காலை 7.19-க்கு மெக்சிகோ சிட்டியின் ஸோகலோ சதுக்கத்தில் தேசியக் கொடி அரைக் கம்பத்தில் நிற்கிறது. இறந்தவர்களுக்கு அஞ்சலி. பிறகு, இருப்பவர்களுக்காக ஒத்திகை.

அன்று இடிபாட்டுக்குள்ளிருந்து வெளியே வந்த சிசுக்கள் இன்று நாற்பது வயதைக் கடந்தவர்கள். அவர்கள் உயிரோடு இருப்பதற்கு அவர்கள் உடம்பில் இருந்த தண்ணீரும் கொழுப்பும் ஒரு காரணம். இன்னொரு காரணம், ஒரு வாரம் ஆன பிறகும் 'இனி யார் இருக்கப்போகிறார்கள்' என்று மண்வெட்டியைக் கீழே போடாமல், காதைக் கல்லில் வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்த முன்பின் தெரியாத மனிதர்கள்.

இன்று ராத்திரி சாப்பாடு ஆனதும் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இப்போ ஆடினா, நீ எங்கே போய் உட்காருவே?" ஐந்து நிமிட வேலை. சிரித்துக்கொண்டே செய்யலாம். தேவைப்படாமலே போகட்டும், ஆனால் தெரிந்திருக்கட்டும்!